அப்சர்வ்ட்

பதினோரு மணிக்குக் கூப்பிடுவதாகச் சென்னை மழைப்பதிவு ஆபீஸிலிருந்து ஓர் அம்மாள் சொல்லியிருந்தாள், இப்போது மணி பத்துதான் ஆகிறது, ஆனாலும் சங்கிலிபூதத்தான் செல்போனைச் சுளகின் ஓரத்தில் வைத்துக்கொண்டு முருங்கைக்கீரை உருவ உட்கார்ந்துவிட்டார். கீரை உருவுவது நல்ல வேலை. கை தானாகப் போகும், மனசை அதன் போக்கில் விட்டுவிடலாம் என்று நினைத்திருந்தார். மனசோ சட்டைப் பையில் நாலாக மடித்துக் கிடந்த கடிதத்தை விட்டு நகர மாட்டேன் என்றது. இங்கிலீஷில் ஆறே வரி. மாங்கரை அணைக்கட்டு மழைமானி, முப்பத்தொரு வருஷத்துக்கு முந்தைய ஐப்பசியில் ஒரு நாள், நானூற்றுப் பன்னிரண்டு மில்லிமீட்டர். சுற்றுவட்டாரத்தில் வேறெந்த மானியும் அன்றைக்கு நூற்றிருபதைத் தாண்டவில்லை, ஆகவே இது நாற்பத்தொன்று புள்ளி இரண்டாக இருக்கலாம், புள்ளி இடம் மாறி விழுந்த பிழையாக இருக்கலாம், ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போட்டவர் நீங்கள் என்பதால் கேட்கிறோம், இந்த அளவு உங்களால் நேரில் பார்க்கப்பட்டதுதானா, ஆம் என்றால் பதிவு நிற்கும், இல்லையென்றால் நீக்கப்படும். பார்க்கப்பட்டது என்பதற்கு அவர்கள் போட்டிருந்த சொல் அப்சர்வ்ட். அந்தச் சொல்லைக் கடிதத்தில் கண்டதும், வெகுநாள் கழித்துச் சந்தையில் பழைய சிநேகிதனைப் பார்த்ததுபோல ஒரு கணம் சந்தோஷமாகத்தான் இருந்தது, அப்புறம்தான் அது தன்னிடம் என்ன கேட்கிறது என்பது உறைத்தது. ஆம் என்று சொன்னால் பொய். இல்லை என்று சொன்னால் நானூற்றுப் பன்னிரண்டின்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு விழும். அந்த எண் அவருடையதாக இருந்திருந்தால் விழுந்தால் விழட்டும் என்று விட்டிருப்பார். அது அவர் சம்சாரம் உச்சிமாகாளியுடையது.

முதன்முதலில் அந்தச் சொல்லை எழுதியபோது அவருக்கு இருபத்தாறு வயது, அணைக்கட்டில் லஸ்கராகச் சேர்ந்து இரண்டு மாதம். ஷட்டரை ஏற்றி இறக்குவது, கால்வாய்க்கரையில் நடந்து உடைப்பு இருக்கிறதா பார்ப்பது, காலை எட்டரை மணிக்கு மழைமானியைத் திறந்து அளவெடுத்து ரிஜிஸ்தரில் எழுதுவது. ஷட்டர் சீக்கிரம் வசப்பட்டது, ரிஜிஸ்தர் படவில்லை, ஏனென்றால் அது இங்கிலீஷில் இருந்தது, அவர் படித்தது ஐந்தாவது. குறிப்பு எழுதும் கட்டத்தில் அவர் ரெயின் சீன் என்று எழுதி வைத்தார், தெரிந்த இரண்டு சொல்லைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியதில் அவருக்குப் பெருமைகூட இருந்தது. தேவசகாயம் இஞ்சினியர் அதைப் பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். "ஏய் சங்கிலி, மழையை எருமைமாடுகூடப் பாக்கும்டே. உனக்கு என்னத்துக்கு சர்க்கார் சம்பளம் தருது? நீ அப்சர்வ் பண்ணணும்." "அதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம் சார்?" "எருமைகிட்ட கேட்டா எத்தனை மில்லிமீட்டர்னு சொல்லுமா? சொல்லாதுல்லா. அதான் வித்தியாசம்." அந்த வாரமே தென்காசி பஸ் ஸ்டாண்டில் பழைய புத்தகக்காரனிடம் அட்டையில்லாத அகராதி ஒன்றை வாங்கி வந்து அந்தச் சொல்லைத் தேடினார், அகராதியில் தேடுவதற்கு எழுத்து வரிசை தெரிய வேண்டும் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. கவனித்துப் பார்த்தல் என்று இருந்தது, அதோடு நிற்காமல் விரதத்தை, நோன்பை, மௌனத்தை அனுசரித்தல் என்றும் இருந்தது. வெள்ளைக்காரன் பார்ப்பதையும் விரதம் இருப்பதையும் ஒரே சொல்லில் போட்டு வைத்திருக்கிறானே என்று அவர் ரொம்ப நாள் வியந்ததுண்டு. ரிஜிஸ்தரில் எழுதும்போது அதன் கடைசியில் ஓர் எழுத்து கூடும், நடந்து முடிந்தது என்று அர்த்தம். அந்த ஓர் எழுத்தில்தான் மொத்தக் கண்டிப்பும் இருந்தது. கண் பார்ப்பதற்கு முன்னால் கை அந்தச் சொல்லை எழுதக் கூடாது. பக்கத்து அணைக்கட்டுக் கந்தையா திங்கட்கிழமையே வாரம் முழுக்க எழுதி வைத்துவிடுவான், மழை பெய்தால் சைபரை ஆறாக்கிக் கொள்ளலாம் என்பது அவன் கணக்கு. சங்கிலிபூதத்தான் அப்படிச் செய்ததில்லை. காய்ச்சலில் கிடந்த நாட்களிலும் போர்வையோடு போய் மானியைத் திறந்து பார்த்து, ஒரு துளி இல்லையென்றாலும் இல்லை என்பதைப் பார்த்துவிட்டு வந்துதான் எழுதினார். சொல்லில் ஆர்ப்பாட்டமே இல்லை என்பதுதான் அவருக்குப் பிடித்தது. மழை பெரிதா சிறிதா, நல்லதா கெட்டதா, எதையும் அது சொல்லாது. ஒருத்தன் பக்கத்தில் போய் நின்றான் என்பதை மட்டும் சொல்லும். அவ்வளவு பிடித்த சொல்லுக்குக் கீழேதான் ஒரே ஒரு நாள் பொய்க் கையெழுத்துப் போட்டார், அந்த நாளையே தேடிப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

உருவிய ஈர்க்கைப் பக்கவாட்டில் போட்டார். பூச்சி இருக்கிறதா என்று இலையைத் திருப்பிப் பார்த்தார், பூச்சி இல்லை, சிலந்தி நூல் கொஞ்சம் ஒட்டியிருந்தது, ஊதிவிட்டார். உச்சிமாகாளி கீரை உருவினால் ஒரு ஈர்க்கு விழாது. அவளுக்குக் கண் அப்படி. கல்யாணமாகி அணைக்கட்டுக் குவார்ட்டர்ஸுக்கு வந்த மூன்றாம் நாள் அவர் பின்னாலேயே மானிக்கு வந்து நின்றாள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு, மாடு பிடிக்க வந்தவள் மாதிரி. இரும்புக் கூட்டுக்குள் புனல், புனலுக்கு அடியில் பாட்டில், பாட்டிலில் விழுந்த தண்ணீரை ஊற்றி அளக்க இருபது வரைக்கும் கோடு போட்ட கண்ணாடிக் குடுவை. அவர் குடுவையைத் தூக்கிப் பிடித்து எட்டு என்றார். "எட்டு எங்க இருக்கு, ஏழரைதான இருக்கு," என்றாள் அவள், அவருக்குக் கோபம் வந்துவிட்டது, இஞ்சினியரே கேள்வி கேட்காத இடத்தில் ரவணசமுத்திரத்துக்காரி வந்து கேட்கிறாளே என்று. "தண்ணி ஓரத்துல கண்ணாடியைப் பிடிச்சிக்கிட்டு ஏறி நிக்கி. நடுவுல குழிஞ்சில்லா கிடக்கு. குழியைப் பாக்கணுமா, ஓரத்தைப் பாக்கணுமா?" அவர் உள்ளே போய் விதிமுறைப் புத்தகத்தை அகராதியோடு வைத்துக்கொண்டு ராத்திரிச் சாப்பாடுவரைக்கும் போராடிப் படித்தார், குழியின் அடிமட்டம்தான் அளவு என்று போட்டிருந்தது. இத்தனை நாளாக அரை அரை மில்லிமீட்டராக அரசாங்கத்துக்குக் கூடுதல் மழை பெய்வித்திருக்கிறார். அன்றிலிருந்து குடுவையை அவளும் பார்த்தபின்தான் எழுதுவது என்று ஆனது, பின்பு அவர் கரைக்குப் போகும் நாட்களில் அவளே அளந்து குடுவையை அப்படியே வைத்திருக்க, அவர் வந்து தானும் பார்த்து எழுதுவது என்று ஆனது. எழுத்து தெரியாது, எண் தெரியும். ரிஜிஸ்தரில் அவர் எழுதும்போது பக்கத்தில் வந்து குனிந்து, அந்த ஒரு சொல்லை மட்டும் அதன் உருவத்தை வைத்தே அடையாளம் காண்பாள். "ரயில் பெட்டி மாதிரி நீளமா இருக்கே, இதுக்கு என்ன அர்த்தம்?" "பாத்தாச்சுன்னு அர்த்தம்." "யாரு பாத்தான்னு அதுல இருக்கா?" "அது இருக்காது. கீழ என் கையெழுத்து இருக்குல்லா." "சரி சரி, பாத்தாச்சுன்னா போதும்," என்று போய்விட்டாள். கேலியா, சம்மதமா, இன்றைக்கு வரைக்கும் அவருக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம். நாற்பது வருஷம் ஒரே பாயில் படுத்தவளிடம் கேட்காமல் விட்டவை எத்தனை என்று யோசிக்கப் போனால் கீரை வாடிவிடும்.

அந்த ஐப்பசியில் அவர் ஊரில் இல்லை. தம்பி கல்யாணத்துக்குச் சிவகிரி போயிருந்தார், மகள் செண்பகம் அப்போது கைப்பிள்ளை என்பதால் உச்சிமாகாளி வரவில்லை. "நீங்க போயிட்டு வாங்க, எட்டரைக்கு எட்டரை நான் பாத்துக்கிடுதேன்," என்றாள். லீவு எழுதிக் கொடுக்காமல் போனார், ஒரு நாள்தானே என்று. போன அன்றைக்கே மேகம் மலையில் வந்து உட்கார்ந்தது, மலையை விட்டு இறங்கவேயில்லை, சிவகிரியில் வெறும் தூறல், அங்கே கல்யாணப் பந்தலில் உட்கார்ந்து அவர் பாயசம் குடித்துக்கொண்டிருந்தார். பாலம் முங்கி மூன்றாம் நாள் விடியற்காலையில்தான் வீடு திரும்ப முடிந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் அவரைச் சுவர்க்கண்ணாடிக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினாள். கண்ணாடியின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஸ்டிக்கர் பொட்டுகள் ஒட்டியிருந்தன, புது அட்டையிலிருந்து உரித்தவை, எல்லாம் அரக்குச் சிவப்பு. "குடுவை நிறைய ஒரு தடவை ஊத்துனா ஒரு பொட்டு. எண்ணிப் பாத்துக்கிடுங்க. கடைசியா ஒரு அரைகுறை, அது பன்னிரண்டு, அதுக்குப் பொட்டு இல்லை, மனசுல வச்சிருக்கேன்." எண்ணினார். இருபது. மறுபடி எண்ணினார். இருபது இருபது நானூறு. பாட்டில் இருநூறுக்கு மேல் தாங்காது, நிறைந்து வழிந்துவிடும், அப்புறம் எப்படி நானூறு என்று கேட்டார். பாட்டிலை எடுத்துக்கொண்டு உள்ளே வரும்போது புனலுக்கு அடியில் தூக்குச்சட்டியை வைத்துவிட்டு வந்தாளாம், அளந்து முடித்துப் பாட்டிலைத் திரும்ப வைத்ததும் சட்டியில் விழுந்ததையும் கொண்டுவந்து அளந்தாளாம். அன்று முழுக்கவும் விடியவும் சாக்கைக் கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டு, பிள்ளையைத் தொட்டிலில் கிடத்திவிட்டு, ஏழு தடவை போய் வந்திருக்கிறாள். புத்தகத்தில் அப்படி ஒரு முறையே கிடையாது. யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுக்க வேண்டியவன் பாயசம் குடித்துக்கொண்டிருந்தான். அப்போதாவது அவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "ஒண்ணுக்கு ரெண்டு ஒட்டிட்டியோ?" என்று கேட்டார். அவள் கோபப்படவில்லை. குடத்திலிருந்து குடுவையில் தண்ணீரை ஊற்றி, இருபதாவது கோட்டில் நிறுத்தி, கண் மட்டத்துக்குத் தூக்கி அவர் முகத்துக்கு முன்னால் பிடித்தாள். கை ஆடவில்லை. குழியின் அடி மயிரிழை பிசகாமல் கோட்டின்மேல் கிடந்தது. "இப்படித்தான் பாத்தேன். இருபது தடவையும்," என்றாள். அவர் ரிஜிஸ்தரை எடுத்து நானூற்றுப் பன்னிரண்டு என்று எழுதினார், பக்கத்தில் அப்சர்வ்ட் என்று எழுதினார், அதற்குக் கீழே பழக்கத்தில் கையெழுத்துப் போட்டார். பழக்கம் என்று சொல்வது இப்போது சொல்லிக்கொள்ளும் சமாதானம். உண்மையில் பேனா ஒரு கணம் நின்றது. லீவு எழுதாமல் போனவன் என்ற பயத்தில்தான் மறுபடி ஓடியது.

"அப்பா, இன்னும் அந்த ஒரு கட்டுக் கீரையவா வச்சிக்கிட்டு இருக்கிய?" செண்பகம் அடுப்படியிலிருந்து வந்து சுளகை எட்டிப் பார்த்தாள். "பருப்பு வெந்துட்டு. கீரை என்னைக்கு வரும், தைப்பொங்கலுக்கா?" அவர் சிரிக்க முயன்றார். அவள் செல்போனைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பக்கத்தில் உட்கார்ந்து தானும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டாள். "ஆமா நான்தான் பாத்தேன்னு ஒத்தை வார்த்தை சொல்லிட்டு வையுங்க. அம்மா பாத்தா என்ன, நீங்க பாத்தா என்ன, விழுந்த தண்ணி ஒண்ணுதான? இல்லைன்னு சொன்னா அழிச்சிருவாங்கன்னு அவங்களே எழுதியிருக்காங்க. அம்மா அன்னைக்குப் பட்ட பாட்டை நீங்களே அழிக்கப் போறியளா?" அவள் சொல்வது நியாயமாகத்தான் இருந்தது, அதுதான் கஷ்டம். பொய் சொன்னால் உண்மையான எண் பிழைக்கும், உண்மை சொன்னால் உண்மையான எண் சாகும். இதற்கு அகராதியில் சொல் இருக்குமா தெரியவில்லை. இன்னொரு பயமும் உள்ளே சுருண்டு கிடந்தது, முப்பத்தொரு வருஷம் கழித்துப் பொய்க் கையெழுத்து என்று கேசு கீசு என்று வருமோ, எழுபத்துமூன்று வயதில் ஆபீஸ் படி ஏற வேண்டியிருக்குமோ என்று. அந்தப் பயத்தை மகளிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. "நீங்க சொல்லலைன்னா நான் போனை வாங்கிச் சொல்லிருவேன்," என்றாள் செண்பகம். "நீ என்ன சொல்லுவ? நீ அப்போ தொட்டில்ல கிடந்தவ." "தொட்டில்ல கிடந்தாலும் கண்ணு திறந்துதான கிடந்தேன்." அவளுக்கும் அம்மாவின் வாய்தான். கடைசியில் உச்சிமாகாளி ஆஸ்பத்திரியில் கிடந்த பத்து நாளும் இப்படித்தான் பேசிக்கொண்டு கிடந்தாள். கட்டிலோரம் தொங்கிய மூத்திரப் பையில் கோடும் எண்ணும் போட்டிருந்தது, நர்ஸ் தூரத்தில் நின்றே நானூறு என்று எழுதிக்கொண்டு போனாள். உச்சிமாகாளி தலையைக்கூடத் தூக்க முடியாமல் கண்ணை மட்டும் தாழ்த்தி, "அம்மாடி, முன்னூத்தி அம்பதுதான் இருக்கு, குனிஞ்சு பாத்து எழுது," என்றாள். நர்ஸ் திரும்பி வந்து குனிந்தாள், அடித்துத் திருத்தி எழுதினாள். தன் உயிர் வற்றிக்கொண்டிருப்பதைக்கூடக் கூட்டிச் சொல்ல விடமாட்டாள். அப்படிப்பட்டவளின் எண்ணை, தான் பார்த்ததாகச் சொல்லித்தான் காப்பாற்ற வேண்டுமா என்று கேட்டுக்கொண்டபோது, அவருக்கு எங்கோ ஒரு கோட்டின்மேல் தண்ணீர் வந்து அசையாமல் நின்றதுபோல இருந்தது. அவளுடைய எண்ணுக்குத் தன் பொய் முட்டுக்கொடுக்க வேண்டும் என்று நினைப்பதே, ஒண்ணுக்கு ரெண்டு ஒட்டிட்டியோ என்ற கேள்வியை இன்னொரு தடவை கேட்பதுதான்.

போன் அடித்தது. பதினொன்றுக்கு இரண்டு நிமிஷம் இருந்தது. "ஐயா வணக்கம், ரெஜினா பேசுறேன், மழைப்பதிவுப் பிரிவு. லெட்டர் பார்த்தீங்களா?" ஜலதோஷம் பிடித்த சின்னக் குரல். பார்த்தேன் என்றார். "ஒரே கேள்விதான் ஐயா. அந்த நானூத்திப் பன்னிரண்டு நீங்களே அப்சர்வ் பண்ணினதா?" செண்பகம் கீரைக்கொத்தைக் கையில் பிடித்தபடி அவர் வாயையே பார்த்தாள். "இல்லைம்மா," என்றார். "நான் அன்னைக்கு ஊர்லயே இல்லை. எங்க வீட்டுல பாத்தாங்க." "வீட்டுலன்னா?" "என் சம்சாரம்." அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். "அப்ப சிரமம்தான் ஐயா. அவங்க ட்ரெயினிங் எடுத்தவங்க இல்லையே. அதோட அந்தப் பாட்டில் இருநூறுக்கு மேல பிடிக்காது. நானூறு எப்படி அளந்திருக்க முடியும்? அதனாலதான் நாங்க புள்ளி மாறிடுச்சுன்னு நினைக்கிறோம்." அவர் சொன்னார். தூக்குச்சட்டியைச் சொன்னார், ஏழு தடவையைச் சொன்னார், இருபது பொட்டைச் சொன்னார், பொட்டில்லாத பன்னிரண்டைச் சொன்னார், குழியைப் பார்க்க வேண்டும் என்று தனக்குக் கற்றுக்கொடுத்ததே அவள்தான் என்பதையும் சொன்னார். சொல்லச் சொல்ல பயம் எங்கே போனது என்று தெரியவில்லை, குரல்தான் வயதுக்கு மீறி உரத்துப் போய்விட்டது. அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம். "சட்டியில விழுந்ததையும் சேர்த்து அளந்தாங்களா?" "ஆமாம்மா." "இந்த மாதிரி யாரும் யோசிக்க மாட்டாங்க ஐயா," என்றது குரல், மெதுவாக, தனக்கே சொல்வதுபோல. "புத்தகத்துல இல்லை." "இல்லைம்மா. நானும் தேடிப் பாத்தேன்." "அவங்ககிட்ட நான் பேசலாமா?" "அவ போய் ஆறு வருஷம் ஆச்சு." "மன்னிச்சிருங்க ஐயா. ஒண்ணு பண்றேன். எண்ணை அடிக்கலை. பயிற்சி இல்லாதவர் அளந்ததுன்னு பக்கத்துல குறிப்பு எழுதணும், ஒரு கேள்விக்குறியும் போடணும், அதுக்கு மேல என் கையில இல்லை." "போடுங்கம்மா. கேள்வி கேட்டா அவ கோவிச்சுக்கிட மாட்டா." "அவங்க பேர் சொல்லுங்க." அவளை ஏளா என்றும் இந்தா என்றும் கூப்பிட்டே வாழ்க்கை ஓடிவிட்டது, முழுப் பெயரை வாய்விட்டுச் சொன்னது கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுத்தபோது ஒரு தடவை, ஆஸ்பத்திரியில் சீட்டுப் போடும் ஜன்னலில் ஒரு தடவை. "உச்சிமாகாளி," என்றார். செண்பகம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அப்சர்வ்ட் பை உச்சிமாகாளி," என்று அந்தப் பெண் எழுதியபடியே வாசித்தாள். "இங்க உங்க கையெழுத்து இருக்கே ஐயா, அந்தப் பழைய ரிஜிஸ்தர் என் முன்னாடிதான் இருக்கு. இதை என்ன பண்ண?" "அது நான் பாக்காம போட்டது. அதை அடிச்சிருங்கம்மா." "இப்பவேவா?" "இப்பவே." சரி ஐயா என்றாள். கோடு இழுக்கிற சத்தம் போனில் கேட்காது என்று தெரிந்தும் அவர் போனைக் காதோடு இன்னும் நெருக்கி வைத்துக்கொண்டார்.